பத்து விமானங்கள், ஒரு கணக்கு: போயிங் 307 இப்போ எங்கே?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் ஒழுங்குபடுத்தியும் இருக்கிறோம்.)

போன எபிசோட்ல விமானக் கேபினுக்குள்ள காற்றழுத்தத்தை எப்படிப் பராமரிக்கிறாங்கன்னு பேசியிருந்தோம். அதுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணை மட்டும் எடுத்துட்டு இன்னைக்கு முழுசா பேசலாம்னு இருக்கேன். கேள்வி இதுதான்: காற்றழுத்தக் கேபினோட பயணிகள் சேவைக்கு வந்த முதல் விமானம் இன்னைக்கு எங்கயாவது இருக்கா? போய்ப் பார்க்க முடியுமா?

சின்னப் பதில்: இருக்கு. முழுசா ஒண்ணே ஒண்ணு. அமெரிக்காவுல, வாஷிங்டன் நகரத்துக்குப் பக்கத்துல ஒரு அருங்காட்சியகத்துல நிக்குது.

பெரிய பதில் இன்னும் சுவாரசியமானது. அந்த விமானம் போயிங் 307 ஸ்ட்ராட்டோலைனர். மொத்தம் செஞ்சதே பத்துதான். பத்து மட்டுமேங்கறதால, ஒவ்வொண்ணும் என்ன ஆச்சுன்னு தனித்தனியா கேட்க முடியும். ஆயிரக்கணக்குல செஞ்ச டிசி-3, நம்ம ஊர்ல டக்கோட்டான்னு சொல்ற விமானத்துக்கு அப்படிக் கணக்கெடுக்க ஒரு ஆயுள் போதாது.

முதல்ல, இது என்ன விமானம்?

1930-களோட கடைசி. அப்போ பயணிகள் விமானம் பெரும்பாலும் பத்தாயிரம் அடிக்குக் கீழேதான் பறக்கும். அதுக்கு மேல போனா காத்து மெலிஞ்சிடும், பயணிகளுக்கு மூச்சு முட்டும், தலை சுத்தும். ஆனா மேகம், மழை, காத்துச் சுழல் எல்லாம் அதிகமா இருக்கறதும் அந்தக் கீழ் அடுக்குலதான். அதனால அந்தக் காலத்து விமானப் பயணம்னா குலுங்கிக் குலுங்கித்தான் போகணும். சீட்டுக்குச் சீட்டு வாந்தி எடுக்கப் பை வெச்சிருந்தது சும்மா இல்ல.

இதுக்குத் தீர்வு, மேகத்துக்கு மேல பறக்கறது. அதுக்குக் கேபினுக்குள்ள காத்தை அடைச்சு வெக்கணும். போயிங் நிறுவனம்கிட்ட அப்போ பி-17ங்கற நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் தயாரா இருந்துச்சு. அதோட இறக்கை, வால், எஞ்சின் அமைப்பு இதையெல்லாம் எடுத்துக்கிட்டாங்க. நடு உடம்பை மட்டும் புதுசா செஞ்சாங்க: பருமனா, உருண்டையா, சுமார் மூணரை மீட்டர் அகலத்துல. ஏன் உருண்டை? நம்ம வீட்டு பிரஷர் குக்கரை நினைச்சுப் பாருங்க. உள்ளே அழுத்தம் இருக்கற பாத்திரத்தை யாரும் சதுரமா செய்ய மாட்டாங்க. மூலை இருந்தா அழுத்தம் அந்த மூலையிலதான் போய் உட்காரும்.

விமானம் 14,700 அடி உயரத்துல பறக்கும்போது உள்ளே 8,000 அடி உயரத்துல இருக்கற மாதிரி அழுத்தம் இருக்கும். ஊட்டியை விடக் கொஞ்சம் உயரமான இடத்துல உட்கார்ந்திருக்கற மாதிரின்னு வெச்சுக்கோங்க. இன்னைக்கு நாம ஏறுற ஜெட் விமானங்கள் 35,000 அடியில பறந்தாலும் உள்ளே கிட்டத்தட்ட அதே அளவுதான். அந்த வழக்கத்தைப் பயணிகள் சேவையில தொடங்கி வெச்சது இந்தப் பத்து விமானம்.

எப்படித் தேடறது?

கணக்குக்குள்ள போறதுக்கு முன்னாடி, இந்த மாதிரி அரிய விமானங்களைத் தேடறவங்க எப்படித் தேடறாங்கன்னு சொல்லிடறேன். ஏன்னா நிறையப் பேர் வாலுல எழுதியிருக்கற எண்ணைத்தான் விமானத்தோட அடையாளம்னு நினைக்கறாங்க. அது வண்டியோட நம்பர் பிளேட் மாதிரி. சொந்தக்காரர் மாறி நாடு மாறினா எண்ணும் மாறும். இந்தியாவுல பதிவானா VT-ன்னு சொல்றோம் இல்லையா, அந்த வி.டி. எழுத்துல ஆரம்பிக்கும். பிரான்ஸ்ல எஃப். அமெரிக்காவுல என், அந்தக் காலத்துல என்.சி.ன்னு எழுதுவாங்க. பெயின்ட்டும் அப்படித்தான், நினைச்சா மாத்திடலாம்.

மாறாதது தொழிற்சாலையில ஒவ்வொரு விமானத்துக்கும் கொடுக்கற தயாரிப்பு எண். வண்டிக்கு சேஸிஸ் நம்பர் மாதிரி. அதை ஒரு சின்ன உலோகத் தகட்டுல பொறிச்சுப் பதிச்சிருப்பாங்க. தேடறவர் முதல்ல தொழிற்சாலைப் பட்டியலை எடுப்பார். அப்புறம் ஒவ்வொரு எண்ணும் எந்த நாட்டுப் பதிவேட்டுல என்ன பேர்ல போச்சுன்னு பின்தொடர்வார். அதுக்கப்புறம் விபத்து அறிக்கைகள், பழைய புகைப்படங்கள். ஒரு எண் ஒரு பதிவேட்டுலயிருந்து அடிபட்டு வேற எதுலயும் தலைகாட்டலைன்னா, அங்கதான் கதை ஆரம்பிக்கும்.

நம்ம நாட்டுலயே இதுக்கு நல்ல உதாரணம் இருக்கு. கோவா டாபோலிம்ல கடற்படை விமான அருங்காட்சியகத்துல ஒரு சூப்பர் கான்ஸ்டலேஷன் நிக்குது. இன்னைக்கு அது கடற்படை விமானம். அதுக்கு முன்னாடி விமானப்படையில இருந்துச்சு. அதுக்கும் முன்னாடி ஏர் இந்தியாவுல பயணிகளை ஏத்திட்டுப் போச்சு. மூணு வேலை, மூணு எண், ஒரே விமானம்.

சரி, இப்போ பத்தையும் எண்ணலாம்.

ஒண்ணாவது: விழுந்தது

முதல் 307 பறந்தது 1938 டிசம்பர் 31. மூணு மாசம்கூட முழுசா ஆகலை. 1939 மார்ச் 18 அன்னைக்கு, வாஷிங்டன் மாநிலத்துல சோதனை ஓட்டத்துக்குப் போச்சு. விமானம் வாங்கற யோசனையில நெதர்லாந்துலயிருந்து வந்தவங்களும் உள்ளே இருந்தாங்க. எஞ்சின் வேலை செய்யாதப்போ, வேகம் குறைஞ்சப்போ விமானம் எப்படி நடந்துக்கும்னு பார்க்கற சோதனை. விமானம் கட்டுப்பாட்டை இழந்து சுழல ஆரம்பிச்சுது. மீட்டு எடுக்கற முயற்சியில இறக்கையும் வாலும் தாங்காம உடைஞ்சுது. உள்ளே இருந்த 10 பேரும் இறந்துட்டாங்க.

அதுக்கப்புறம் மிச்ச விமானங்களோட வால் செங்குத்துத் தகட்டைப் பெரிசாக்கினாங்க. இன்னைக்கு அருங்காட்சியகத்துல நிக்கற 307-ஐப் பார்த்தா, முதுகுலயிருந்து வால் வரைக்கும் ஒரு பெரிய சரிவு தெரியும். பார்க்க அழகா இருக்கு. அது வந்த காரணம் இதுதான்.

ரெண்டாவது: படகாயிடுச்சு

ஒரு விமானத்தை வாங்கினவர் ஹோவர்ட் ஹியூஸ். சினிமாத் தயாரிப்பாளர், விமானி, பெரும் பணக்காரர். டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனம் அவர் கட்டுப்பாட்டுல இருந்துச்சு. 1938-ல உலகத்தைச் சுத்தி சாதனை படைச்சவர், இந்தப் புது விமானத்துல அதை முறியடிக்கணும்னு எரிபொருள் தொட்டியெல்லாம் கூடுதலா வெச்சுத் தயார் பண்ணினார். 1939 செப்டம்பர்ல ஐரோப்பாவுல போர் தொடங்கிடுச்சு. பயணம் நின்னுபோச்சு.

பிறகு அதுக்குள்ள படுக்கையறை, பார் எல்லாம் வெச்சு ஒரு பறக்கும் பங்களாவா மாத்தினாங்க. கொஞ்ச நாள் கழிச்சு டெக்சாஸ் எண்ணெய் முதலாளி ஒருத்தருக்குக் கைமாறுச்சு. கடைசியில ஃபுளோரிடாவுல சும்மா நின்னுட்டிருந்தப்போ, 1964-ல கிளியோங்கற சூறாவளி அடிச்சு நாசம் பண்ணிட்டுப் போயிடுச்சு. பழைய இரும்புக்குப் போக வேண்டியது. யாரோ ஒருத்தருக்கு வேற யோசனை வந்துச்சு. இறக்கையையும் வாலையும் வெட்டிட்டு, உடம்பை ஒரு படகு அடித்தளத்து மேல வெச்சார். வீட்டுப் படகு! பல வருஷம் ஃபுளோரிடாவோட கால்வாய்கள்ல காஸ்மிக் மஃபின்ங்கற பேர்ல மிதந்துட்டிருந்துச்சு. 2018-ல அதை லேக்லேண்ட் நகரத்துல இருக்கற ஃபுளோரிடா விமான அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துட்டாங்க.

இதை மிஞ்சினதுன்னு எண்ணலாமா? தேடறவங்க மத்தியில இது ஒரு விவாதம். இறக்கை இல்லாதது விமானமான்னு ஒரு கட்சி கேட்கும். ஆனா தயாரிப்பு எண் இருக்கற உடம்பு அங்க இருக்கு, அதனால எண்ணணும்னு இன்னொரு கட்சி. என் கணக்குல இது அரை.

மூணு விமானம், ஒரு கண்

அடுத்த மூணு பேன் ஆம் நிறுவனத்துக்குப் போச்சு. கிளிப்பர் ரெயின்போ, கிளிப்பர் ஃபிளையிங் கிளவுட், கிளிப்பர் காமெட்னு பேரு. மயாமியிலயிருந்து லத்தீன் அமெரிக்க நாடுகளுக்குப் பறந்துச்சு. போர்க்காலத்துலயும் ராணுவத்துக்காக அந்தப் பக்கமே ஓடுச்சு. போர் முடிஞ்சதும் இதையெல்லாம் வித்துட்டாங்க. ஏன்னா அதுக்குள்ள கான்ஸ்டலேஷன், டிசி-4 எல்லாம் வந்துடுச்சு.

இதுல ஃபிளையிங் கிளவுட் மட்டும் எப்படியோ தப்பிச்சது. 1950-கள்ல ஹெய்ட்டி நாட்டுக்குப் போய் அங்க அதிபரோட விமானமா இருந்துச்சு. மறுபடி அமெரிக்காவுக்கு வந்து கைமாறிக் கைமாறி, 1960-களோட கடைசியில அரிசோனா பாலைவனத்துல நின்னுட்டிருந்துச்சு. அரிசோனாவுல பழைய விமானம் நிக்கறது அதிசயமே இல்ல. காய்ஞ்ச காத்து, துரு பிடிக்காது, அதனால நூத்துக்கணக்குல நிக்கும். அந்தக் கூட்டத்துல இதைப் பார்த்துட்டு, ‘இது வேற ரகமாச்சே’ன்னு நின்னவர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஒருத்தர். 1972-ல விமானம் ஸ்மித்சோனியனுக்குச் சொந்தமாச்சு.

இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தணும். இந்த விமானத்தைக் காப்பாத்தினது பணமோ தொழில்நுட்பமோ வர்றதுக்கு முன்னாடி, ஒரு ஆளோட அடையாளம் தெரிஞ்ச கண்ணு. பழைய பொருளுக்கு ஆபத்தான காலம்னு ஒண்ணு இருக்கு. புதுசா இருக்கும்போது எல்லாரும் பார்த்துப்பாங்க. ரொம்பப் பழசானா பாரம்பரியம்னு சொல்லி எடுத்து வெப்பாங்க. நடுவுல ஒரு 20, 30 வருஷம் அது வெறும் பழைய சாமான். நம்ம வீட்டுப் பரண்ல இருந்த பித்தளைப் பாத்திரம் பழைய பாத்திரக்காரர்கிட்ட போனதும் அந்த இடைவெளியிலதான். அந்த நேரத்துல யார் கண்ணுல படுதுங்கறதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது.

அப்புறமும் அதுக்கு ஆயுசு கெட்டி. ரொம்ப வருஷம் அரிசோனாவுலயே இருந்த விமானத்தை 1994-ல பறக்கற நிலைக்குக் கொண்டு வந்து சியாட்டிலுக்கு ஓட்டிட்டுப் போனாங்க. அங்க போயிங் ஊழியர்களும் ஓய்வுபெற்றவங்களும் தன்னார்வலர்களுமா சேர்ந்து பல வருஷம் உழைச்சுப் புதுப்பிச்சாங்க. 2001-ல மறுபடி பறந்துச்சு. அடுத்த வருஷம், 2002 மார்ச் 28, ஒரு பயிற்சி ஓட்டத்துல எரிபொருள் தீர்ந்து எஞ்சின்கள் நின்னுபோச்சு. விமானிகள் அதைச் சியாட்டில் நகரத்தை ஒட்டின எலியட் விரிகுடாத் தண்ணியிலயே இறக்கினாங்க. உள்ளே இருந்த நாலு பேரும் பத்திரம். உலகத்துல முழுசா இருந்த ஒரே 307 கடல்தண்ணியில மிதந்துட்டிருந்துச்சு!

அலுமினியத்துக்கு உப்புத்தண்ணி விஷம். ஆனாலும் மேலே தூக்கி, மறுபடி உட்கார்ந்து வேலை பார்த்தாங்க. 2003 ஆகஸ்ட்ல அது தானே பறந்து வாஷிங்டன் வந்து சேர்ந்துச்சு. டலஸ் விமான நிலையத்தை ஒட்டின உட்வர்-ஹேஸி மையத்துல இன்னைக்கு நிக்கறது அதுதான். பக்கத்துலயே கான்கார்டு, டிஸ்கவரி விண்கலம் எல்லாம் இருக்கு. அமெரிக்காவுல இருக்கற நம்ம ஆட்கள் யாராவது அந்தப் பக்கம் போனா, கட்டாயம் இதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் நில்லுங்க. உள்ளே போகக் கட்டணம் இல்ல, வண்டி நிறுத்தத்தான் காசு.

மிச்ச அஞ்சு: கிழக்கே வந்தது

கடைசி அஞ்சும் டி.டபிள்யூ.ஏ. வாங்கினது. 1940 ஜூலையில சேவை ஆரம்பிச்சாங்க. கோமாஞ்சி, செரோக்கி, ஜூனி, நவாஹோ, அப்பாச்சின்னு அமெரிக்கப் பழங்குடி மக்கள் பேரு ஒவ்வொண்ணுக்கும். போர் வந்ததும் ராணுவம் எடுத்துக்கிச்சு. எடையைக் குறைக்கறதுக்காகக் காற்றழுத்தக் கருவியையே கழட்டிட்டு, அட்லாண்டிக் கடலைத் திரும்பத் திரும்பத் தாண்ட வெச்சாங்க. எதுக்காக இந்த விமானத்தைக் கண்டுபிடிச்சாங்களோ அதுவே போயிடுச்சு. போர் முடியற சமயத்துல பி-17-ஓட புது ரக இறக்கையை மாட்டி மறுபடி பயணிகள் வேலைக்கு விட்டாங்க.

1951-ல அஞ்சையும் எய்ல் அசூர்ங்கற பிரெஞ்சு நிறுவனம் வாங்குச்சு. அப்படித்தான் இந்த விமானங்கள் இந்தோசீனாவுக்கு, அதாவது இன்னைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா பக்கம் வந்துச்சு. இங்க நம்ம நாடு கதைக்குள்ள வருது.

1954-ல ஜெனீவா ஒப்பந்தம். பிரெஞ்சு ஆட்சி முடியுது, வியட்நாம் வடக்கு தெற்குன்னு பிரியுது. போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க ஒரு சர்வதேச ஆணையம் அமைச்சாங்க. உறுப்பினர்கள் மூணு நாடு: இந்தியா, கனடா, போலந்து. தலைமை இந்தியாவுக்கு. நம்ம ராணுவத்தினரும் வெளியுறவு அதிகாரிகளும் வருஷக்கணக்கா அங்க போய் வேலை பார்த்தாங்க. சைகோன், நோம்பென், வியந்தியான், ஹனோய் இந்த நகரங்களுக்கு நடுவுல அவங்க போய்வர ஒரு விமானம் வேணும். அதுக்கு ஓட்டினது பழைய ஸ்ட்ராட்டோலைனர்களைத்தான்.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. கீழே போர் நடந்துட்டிருக்கு. இந்த விமானம் மட்டும் ரெண்டு தரப்புக்கும் முன்கூட்டியே சொல்லிட்டு, குறிச்ச பாதையில, குறிச்ச நேரத்துல பறக்கணும். இருபத்தஞ்சு வருஷப் பழைய விமானம். ஹனோய்க்குப் போகணும்னா பல தூதர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் இருந்த வழி இதுதான்.

1965 அக்டோபர் 18. பிரெஞ்சுப் பதிவுல இருந்த ஒரு ஸ்ட்ராட்டோலைனர் லாவோஸ் தலைநகர் வியந்தியான்லயிருந்து ஹனோய்க்குக் கிளம்புச்சு. உள்ளே 13 பேர். ஆணையத்தைச் சேர்ந்த இந்தியர்கள், கனடாக்காரர்கள், போலந்துக்காரர், அப்புறம் பிரெஞ்சு விமானக் குழு. ஹனோய்க்கு அது வந்து சேரலை. வழியில எங்க விழுந்துச்சு, ஏன் விழுந்துச்சுன்னு யாருக்கும் தெரியலை. சிதைவுகள் இன்னைக்கு வரைக்கும் கிடைக்கலை.

வியந்தியானுக்கும் ஹனோய்க்கும் நடுவுல இருக்கறது அடர்ந்த காடு மூடின மலை. அதோட, 1964-லயிருந்து 1973 வரைக்கும் லாவோஸ் மேல 20 லட்சம் டன்னுக்கு மேல குண்டு போட்டிருக்காங்க. அதுல வெடிக்காம மண்ணுக்குள்ள கிடக்கறது இன்னும் ஏராளம். அந்தக் காட்டுல தேடறது நினைக்கற மாதிரி சுலபம் இல்ல.

மத்ததெல்லாம்? இந்தோசீனாவுல மிச்சமிருந்ததுல சில 1970-களோட நடுப்பகுதி வரைக்கும் லாவோஸ், கம்போடியாவுல உள்ளூர் நிறுவனங்கள்கிட்ட ஓடிட்டு இருந்துச்சு. விபத்து, தேய்மானம், ஒண்ணைக் கழட்டி இன்னொண்ணுக்கு உதிரிபாகம்னு ஒவ்வொண்ணா முடிஞ்சுபோச்சு. பேன் ஆமோட மத்த ரெண்டும் இன்னைக்கு இல்ல.

கணக்கு

ஆக, பத்துல ஒண்ணு முழுசா இருக்கு. ஒண்ணு உடம்பு மட்டும். ஒண்ணு சோதனையிலேயே போச்சு. ஒண்ணு காணோம். ஆறு அழிஞ்சுபோச்சு.

இந்தக் கணக்கைப் பார்த்தா எனக்கு ஒண்ணு தோணுது. அதிகமா உழைச்ச விமானங்கள் எதுவும் மிஞ்சலை. அட்லாண்டிக்கைத் தாண்டினது, போருக்கு நடுவுல சமாதானக் குழுவைச் சுமந்தது, முப்பது வருஷம் கிட்ட ஓடித் தேய்ஞ்சது, அந்த அஞ்சுல ஒண்ணுகூட இல்ல. மிஞ்சினது ஒரு அதிபர் வெச்சிருந்ததும், ஒரு கோடீஸ்வரர் வெச்சிருந்ததும்தான். எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் இது பொருந்தும். தினம் பிடிச்ச மண்வெட்டி கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்காது, அலங்கார வாள்தான் இருக்கும்.

அப்புறம், ‘அழிஞ்சுபோச்சு’ங்கறதும் ‘காணோம்’ங்கறதும் ஒண்ணு இல்ல. பட்டியல்ல ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வரியா இருக்கும். அழிஞ்சதுக்கு ஒரு தேதி, ஒரு இடம், ஒரு காரணம் இருக்கு, கணக்கை மூடிடலாம். காணாமப் போனதுக்குத் தேதி மட்டும்தான் இருக்கு. அந்த 13 பேரோட வீட்டுல இருந்தவங்களுக்கு, இந்தியாவுலயும் சரி கனடாவுலயும் சரி, போய் நிக்க ஒரு இடம் கிடைக்கலை. லாவோஸ் காட்டுல எங்கயாவது ஒரு நாள் ஒரு உலோகத் துண்டு கிடைச்சு, அதுல எண் பொறிச்ச தகடு இருந்தா, அதை யாரோ சரியா படிச்சா, அறுபது வருஷத்துக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். தயாரிப்பு எண்ணைத் தேடிக் குறிச்சு வெக்கறவங்களைப் பார்த்து, ‘இதெல்லாம் ஒரு வேலையா’ன்னு சிலர் சிரிக்கறது உண்டு. அந்தத் தகட்டைப் படிக்கறதுக்கு அப்போ ஒரு ஆள் வேணும் இல்லையா?

இன்னைக்கு இவ்வளவுதான். உங்க ஊர்ல பள்ளிக்கூட மைதானத்துலயோ, ரவுண்டானாவுலயோ, என்.சி.சி. வளாகத்துலயோ பழைய விமானம் ஏதாவது நிக்குதுன்னா, ஒரு படம் எடுங்க. முழு விமானத்தையும் எடுத்துட்டு, தகடு எங்கயாவது கண்ணுல பட்டா அதையும் கிட்டப் போய் எடுங்க. அனுப்புங்க, அது எங்கயெல்லாம் போயிட்டு வந்துச்சுன்னு சேர்ந்து தேடலாம். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.